தம்பியின் ரத்தம், என் ரிப்போர்ட்

தம்பிக்கு ஹீமோபிலியா, ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய். அந்த ஜீன் கோளாறைச் சுமக்கும் கேரியரா நானும் என்று பரிசோதிக்க வேண்டுமென்றால் முதலில் தம்பியின் ரத்தம் வேண்டும் என்றார்கள். அவனுடைய ஜீனில் கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் அதே இடத்தை என்னிடம் தேடிப் பார்க்க முடியும். போனில் அவனிடம் சொன்னேன். "எடுத்துக்கோ சின்னக்கா. ஆனா ரிப்போர்ட்ல என் பேரு இருக்கும் இல்ல? அத யார் யார்கிட்ட காட்டுவ?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. பரிசோதனைக்குப் போகும் எல்லாக் குடும்பமும் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய கேள்வி இது என்பதால்தான் எங்கள் கதையை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஊர் குடியாத்தம் பக்கம். அப்பா கைத்தறி லுங்கி நெய்தவர். தம்பிக்குக் கடுமையான ஹீமோபிலியா ஏ. அதாவது ரத்தம் உறைவதற்குத் தேவையான ஃபேக்டர் 8 அவன் உடம்பில் 1 சதவீதம்கூடக் கிடையாது. சின்ன வயதில் முட்டி வீங்கி நாள் கணக்கில் படுத்திருப்பான். ஃபேக்டர் ஊசிக்காக அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது அம்மாவுக்கு இன்றைக்கும் மறக்காது. அம்மாவின் தம்பி ஒருவர், எங்களுக்குத் தாய்மாமன், சிறுவனாக இருந்தபோது பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் இறந்துபோனாராம். வீட்டில் அதைக் காத்து கருப்பு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். தம்பிக்கு நோய் என்னவென்று தெரிந்த பிறகுதான் ஆயா அந்தச் சாவைப் பற்றி வாயைத் திறந்தாள்.

இந்த நோய் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. தாய் கேரியராக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் நோய் வர பாதி வாய்ப்பு. ஒவ்வொரு பெண் குழந்தையும் கேரியர் ஆக பாதி வாய்ப்பு. தன் தம்பியும் மகனும் பாதிக்கப்பட்டதால் அம்மா கேரியர் என்று பரிசோதனை இல்லாமலே சொல்லிவிடலாம். ஆயாவும் அப்படித்தான். அக்காவுக்கும் எனக்கும் ஆளுக்குப் பாதி. பெரியம்மாவுக்கும் பாதி. ஒருவன் உடம்பில் இருந்த நோய், ஒரே நாளில் மூன்று தலைமுறைப் பெண்களின் விஷயமாக ஆகிவிட்டது. அவர்களில் பாதிப் பேரை யாரும் கேட்கக்கூட இல்லை.

தம்பியின் கேள்வியை அப்படியே மரபணு ஆலோசகரிடம் கொண்டுபோனேன். அவருக்கு அது புதிதில்லை போலிருக்கிறது. ஒவ்வொருவர் ரிப்போர்ட்டும் தனித்தனியாக வரும், அவரவர் கையில்தான் கொடுப்போம் என்றார். சொந்தக்காரர்களுக்குத் தேவைப்பட்டால் பெயர் எதுவும் இல்லாமல், "இந்தக் குடும்பத்தில் ஃபேக்டர் 8 ஜீனில் இந்த மாற்றம் இருக்கிறது, விரும்பினால் வந்து பாருங்கள்" என்று மட்டும் ஒரு கடிதம் தர முடியும் என்றார். தம்பி அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். அம்மா, அக்கா, நான், எனக்கு வரப்போகிறவர் ஆகிய நாலு பேர் மட்டும் ரிப்போர்ட்டைப் பார்க்கலாம், மற்றவர்களுக்குக் கடிதம் போதும். நாங்கள் செய்ததில் உருப்படியான காரியம் இதுதான். பின்னால் வந்த சண்டைகளில் எல்லாம் "தம்பி எழுதிக் கொடுத்திருக்கிறான்" என்று சொல்ல ஒரு காகிதம் இருந்தது.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரிசோதனைக்குச் சம்மதமா என்பதோடு அது முடியவில்லை. மீதமாகும் ரத்த மாதிரியைச் சேமித்து வைக்கலாமா, அதை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா, தேடாத வேறு ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குச் சொல்லலாமா என்று தனித்தனியாகக் கேட்டிருந்தது. வேலூரில் மருத்துவமனை வரிசை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் பின்னால் நிற்கும்போது உட்கார்ந்து படிக்க மனசு வராது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகத்தான் தோன்றும். நான் முந்தின நாளே படிவத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்தேன். கேட்டால் கொடுக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு நான் சரி என்றேன், தம்பி வேண்டாம் என்றான். அதனால் அவனுக்கான வைத்தியம் எதுவும் குறையவில்லை. ஆராய்ச்சிக்கு மறுத்தால் சிகிச்சையில் கை வைப்பார்கள் என்று பயந்துதான் நிறையப் பேர் எல்லாவற்றுக்கும் டிக் அடிக்கிறார்கள்.

ரிப்போர்ட் வந்தது. நான் கேரியர்.

அதைவிட ஆலோசகர் அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் புதிது. கேரியர் என்றால் நோயைச் சும்மா சுமந்து கடத்துபவள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சில கேரியர் பெண்களுக்கு ஃபேக்டர் அளவே குறைவாக இருக்கும். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் அவர்களும் ஹீமோபிலியா உள்ளவர்கள்தான் என்று இப்போது சொல்கிறார்கள். மாதவிலக்கில் அதிக உதிரப்போக்கு, பல் பிடுங்கினால் நிற்காத ரத்தம், பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு எல்லாம் இதனால் வரலாம். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு துணியை அலசியிருக்கிறார்கள். ஆகவே ஃபேக்டர் அளவு பார்ப்பது வேறு, ஜீன் பார்ப்பது வேறு. முதலாவது இன்றைய உடம்புக்கான வைத்தியம். அதைச் சின்னப் பெண்ணுக்கும் தயங்காமல் செய்யலாம். இரண்டாவது நாளைய பிள்ளைகளைப் பற்றிய தகவல். அது அந்தப் பெண் வளர்ந்து தானே முடிவெடுக்க வேண்டியது. அளவு சரியாக இருந்தாலும் கேரியராக இருக்கலாம் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பெரியம்மா. ஆம்பூரில் இருக்கிறார். அவருடைய மகள், எனக்குத் தங்கச்சி முறை, அவளுக்கு அப்போது நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. நேரில் போய் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "இன்னாடி பெரிய ஜீனு கீனுன்னு வந்துகினு. என் ரெண்டு பசங்களும் கல்லு மாதிரி கீறானுங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்ல, நீ கெளம்பு" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. ஆரோக்கியமான மகன்கள் இருந்தால் வாய்ப்பு குறையும். ஆலோசகரிடம் கேட்டபோது கணக்குப் போட்டே காட்டினார். இரண்டில் ஒன்றாக இருந்த பெரியம்மாவின் வாய்ப்பு, நல்ல மகன்கள் இரண்டு பேர் இருப்பதால் ஐந்தில் ஒன்றாகிறது. மகளுக்குப் பத்தில் ஒன்று. குறைந்திருக்கிறது, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை.

நீங்களே பெரியம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்ல முடியாதா என்று ஆலோசகரைக் கேட்டேன். முடியாது என்றார். அவர் பார்ப்பது எங்களை. எங்கள் ரகசியத்தைக் காப்பது அவர் கடமை. அதோடு, கேட்டு வராத ஒருவர் காதில் கொண்டுபோய்ப் போடவும் அவருக்கு உரிமை இல்லை. அந்த நேரத்தில் எரிச்சலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. தெரிந்துகொள்ளும் உரிமை மாதிரி தெரியாமல் இருக்கும் உரிமையும் ஒன்று இருக்கிறது. ஆனால் பெரியம்மா அந்த உரிமையைத் தனக்கு எடுத்துக்கொள்ளலாம், மகளுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்பது என் கட்சி. தங்கச்சிக்கு 20 வயது தாண்டிவிட்டது. பெயரில்லாத அந்தக் கடிதத்தை ஒரு உறையில் போட்டு அவள் கையிலேயே கொடுத்தேன். "இப்ப படிக்கணும்னு இல்ல. கல்யாணம் ஆகி குழந்தை பத்தி யோசிக்கறப்ப படி" என்றேன். கல்யாணத்தில் பெரியம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்கா கதை இன்னும் சிக்கல். அவள் வாலாஜாவில் இருக்கிறாள், அவளுக்கு ஒரே மகள். தம்பிக்குப் பெண் பார்க்க ஆரம்பித்ததும் வெளியில் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று பெரியவர்களே முடிவு செய்து, அக்கா மகளைக் கட்டிவைத்துவிடலாம் என்றார்கள். தாய்மாமன் முறை, உரிமைப் பெண், விஷயம் வீட்டோடு போகும். தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் கல்யாணம் சர்வ சாதாரணம் என்பதால் யாருக்கும் இதில் உறுத்தல் இல்லை. ஆனால் எங்கள் நோய்க்கு இதைவிட மோசமான யோசனை கிடையாது. ஹீமோபிலியா உள்ள ஆண், கேரியர் இல்லாத பெண்ணைக் கட்டினால் மகன்களுக்கு நோய் வராது, மகள்கள் எல்லாரும் கேரியர். அவனே கேரியர் பெண்ணைக் கட்டினால் மகன்களில் பாதிப் பேருக்கு நோய், மகள்களிலும் பாதிப் பேருக்கு முழு நோய். அக்கா மகள் கேரியராக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு இருந்தது.

சரி, அந்தப் பெண்ணுக்குப் பரிசோதனை செய்துவிட்டால் தெரிந்துவிடுமே என்று அப்பா சொன்னார். அங்கேதான் முடிச்சு. அக்கா தனக்குத் தெரிய வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொல்லியிருந்தாள். மகளுக்கு இருக்கிறது என்று வந்தால் அக்காவுக்கும் இருக்கிறது என்று தானாகத் தெரிந்துவிடும். மகளைப் பரிசோதிப்பது என்பது தாயை அவள் சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதுதான். இதற்கு நல்ல தீர்வு ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வயது வந்த மகள் தனக்காகக் கேட்டால் அவள் உரிமைதான் முந்தும். ஆனால் இங்கே கேட்டது அவள் இல்லை, கல்யாணத்தை முடிக்க நினைத்த பெரியவர்கள். தம்பியே ஒரு நாள் சாப்பிடும்போது, "நான் தூக்கி வளர்த்த பொண்ணு அது. டெஸ்ட்ல என்ன வந்தாலும் கட்ட மாட்டேன், அப்புறம் எதுக்கு டெஸ்ட்டு" என்று பேச்சை முடித்தான். ஒரு பரிசோதனையின் முடிவு எதுவானாலும் எடுக்கப்போகும் முடிவு மாறாது என்றால் அந்தப் பரிசோதனையே வேண்டாம்.

மாதவிலக்குத் தொல்லை இருந்ததால் அந்தப் பெண்ணுக்கு ஃபேக்டர் அளவு மட்டும் வெளியில் ஒரு தனியார் லேபில் பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது. ஆனால் ரிப்போர்ட்டை அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார்கள். பதிவு செய்யும்போது கொடுத்த நம்பர் வண்டியில் கூட்டிப்போன சித்தப்பாவுடையது. சாயங்காலத்துக்குள் அது குடும்ப குரூப்பில், கீழே கும்பிடு போட்ட பொம்மைகளோடு. லேபில் போய்க் கேட்டால் "நீங்க குடுத்த நம்பருக்குத்தானே மேடம் அனுப்பினோம்" என்றார்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2023-ல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் மரபணுத் தகவலுக்கென்று அதில் தனிப் பிரிவு கிடையாது. அந்தச் சட்டத்தை நம்பி உட்காருவதைவிட, சம்பந்தப்பட்டவரின் சொந்த நம்பரைக் கொடுப்பதும், காகிதத்தில் மட்டும் வேண்டும் என்று பதிவின்போதே சொல்வதும் உடனடியாகப் பலன் தரும்.

என் கல்யாணப் பேச்சு வந்தபோது, ஜாதகம் பொருந்திய பிறகு, நிச்சயத்துக்கு முன்னால் அவரிடம் நானே சொன்னேன். தரகரிடமோ பெரியவர்களிடமோ சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன் மரபணு ரிப்போர்ட் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பிள்ளை பெறுவதைப் பற்றிய முடிவு இரண்டு பேருடையது, அதனால் சொன்னேன். அவர் கொஞ்சம் அவகாசம் கேட்டார், வந்து ஆலோசகரைப் பார்த்தார், அப்புறம் சரி என்றார். அவர் வீட்டில் யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை அவரிடமே விட்டேன். தரகர் காதில் விழுந்திருந்தால் அது என்னோடு நிற்காது. எங்கள் தெருவில் வளரும் பெண்கள் எல்லாருக்கும் "ரத்தக் குடும்பம்" என்று பட்டம் கட்டியிருப்பார்கள்.

கர்ப்பமானதும் இன்னொரு சட்டம் குறுக்கே வந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ஆம் வருடத்துச் சட்டப்படி குற்றம். அதே சட்டம், பாலினத்தோடு பிணைந்த மரபணு நோய்களுக்குக் கருவில் பரிசோதனை செய்ய அனுமதிக்கிறது. பதிவு பெற்ற மையத்தில், எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு. 11 வாரத்துக்கு மேல் நஞ்சுப்பகுதியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் 15, 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம். மாமியாருக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. "பொண்ணுன்னா பிரச்சனை இல்லியாமே. இன்னா கொழந்தன்னு மட்டும் கேட்டுக்கினு வந்துடும்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. பெண் என்றால் பிரச்சனை இல்லை என்பதும் உண்மையில்லை. நானே அதற்குச் சாட்சி.

இந்தப் பரிசோதனை என்றாலே கலைப்பதற்குத்தான் என்று சொந்தத்தில் எல்லாரும் நினைத்தார்கள். தம்பி இருக்கும் வீட்டில் அது எப்படிப்பட்ட பேச்சு என்று யோசித்துப் பாருங்கள். அவன்தான் நிதானமாகச் சொன்னான்: "தெரிஞ்சா பிரசவத்துல ஜாக்கிரதையா இருப்பாங்க இல்ல." அதுதான் விஷயம். குழந்தைக்கு ஹீமோபிலியா இருக்கலாம் என்று தெரிந்தால் ஆயுதம் போட்டோ வேக்குவம் வைத்தோ இழுக்க மாட்டார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் ஃபேக்டர் கிடைக்கும் இடமாகப் பார்த்துப் பிரசவம் வைத்துக்கொள்ளலாம். கர்ப்பத்தைத் தொடர்வதா என்று யோசிப்பவர்களுக்கும் 2021 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் வழி இருக்கிறது. குறிப்பிட்ட நிலைமைகளில் 24 வாரம் வரை, கருவில் கடுமையான குறைபாடு என்று மருத்துவ வாரியம் சொன்னால் அதற்கு மேலும். நாங்கள் பரிசோதனை செய்தோமா, என்ன வந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது இனி என் குழந்தையின் தகவல்.

இன்சூரன்ஸுக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் மரபணு நோய் பற்றிய கேள்வி இருந்தது. ஏஜென்ட், "எழுதாதீங்க மேடம், யாருக்குத் தெரியப்போவுது" என்றார். எழுதினேன். காகிதம் மேல் காகிதம் கேட்டு இழுத்தடித்து கடைசியில் பாலிசி கொடுத்தார்கள். 2018 பிப்ரவரியில் டெல்லி உயர்நீதிமன்றம், இதயத் தசை நோய் உள்ள ஒருவர் வழக்கில், "மரபணு நோய்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதி க்ளைமை மறுப்பது பாரபட்சம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போனது. ஆனால் டெல்லித் தீர்ப்புக்கு அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மருத்துவக் காப்பீட்டில் மரபணு நோயை விலக்காக வைக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலமும் இப்போது அதிகபட்சம் 3 வருடம்தான். மறைத்து எழுதினால் இந்தப் பாதுகாப்பை எல்லாம் நாமே தூக்கிப் போட்டதாக ஆகும். ஆயுள் காப்பீடு வேறு கதை. அமெரிக்காவில் 2008-ல் மரபணுப் பாகுபாட்டுக்கு எதிராக வந்த சட்டம்கூட மருத்துவக் காப்பீட்டையும் வேலையையும் மட்டும்தான் காக்கிறது, ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை. ஜீன் பரிசோதனைக்கு முன்னாலேயே ஆயுள் பாலிசி எடுத்துவைப்பதில் தப்பு எதுவும் இல்லை என்பது என் கருத்து. குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

தம்பிக்கு வேறொரு குழப்பம். ஹீமோபிலியா 2016 சட்டப்படி மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது. குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கினால் உயர்கல்வி இடஒதுக்கீட்டில் கேட்கலாம். ஆனால் அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் ஹீமோபிலியாவுக்கு என்று இடம் கிடையாது. சலுகை வேண்டுமென்றால் வெளியில் சொல்லியாக வேண்டும். சொன்னால் எல்லா இடத்திலும் சலுகை உண்டா என்றால் அதுவும் இல்லை. அவன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கினான்.

2024 டிசம்பரில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு ஜீன் சிகிச்சை கொடுத்து ரத்தக்கசிவு நின்றதாகச் செய்தி வந்ததும் போன் ஓயவில்லை. "உன் தம்பிக்கும் சரியாயிடுமாமே, அப்ப பொண்ணு குடுக்கலாமே" என்று ஒருவர். அந்தச் சிகிச்சை அவரவர் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, சரியான ஜீனைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்துவது. அதற்கு முன் பலமான கீமோ மருந்து தாங்க வேண்டும். எல்லாம் நன்றாக முடிந்தாலும் மாறுவது ரத்தம் மட்டும்தான், விந்தணுவில் இருக்கும் ஜீன் மாறாது. அவன் மகள்கள் அப்போதும் கேரியர்தான். தனக்கு வரும் வரன்களிடம் தம்பி இதை இப்போது தானே சொல்கிறான்.

போன மாதம் ஆம்பூர் தங்கச்சி கூப்பிட்டாள். பெரியம்மாவுக்குத் தெரியாமல்தான். எந்தக் கிழமை வர வேண்டும், வீட்டுக்காரரைக் கூட்டி வரலாமா என்று கேட்டாள். கூட்டி வா என்றேன். முதலில் ஆலோசனை மட்டும் பார், ரத்தம் அன்றைக்கே கொடுக்க வேண்டியதில்லை என்றேன். அந்த உறையை மறக்காமல் எடுத்து வரச் சொன்னேன். அதில் இருக்கும் ஒரு வரியை வைத்துக்கொண்டு லேபில் நேராக அந்த இடத்தை மட்டும் பார்ப்பார்கள். இல்லையென்றால் ஜீன் முழுவதும் தேட வேண்டும், பணமும் கூட ஆகும், நாளும் கூட ஆகும்.